டேமைத் திறந்தது யாரு, கால்வாய்க்கு ஏன் இவ்ளோ துட்டு: நம்ம ஊர்ல திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

2023 டிசம்பர்ல தாமிரபரணி வெள்ளத்துல திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கமெல்லாம் முங்குனதுக்கு அப்புறம் டீக்கடை, விவசாய சங்கக் கூட்டம், வாட்ஸ்அப் குரூப்புன்னு எங்கன போனாலும் பேச்சு இதுதான். டேமை யாரு திறந்தா, தாமிரபரணி தண்ணிய வறண்ட பக்கம் திருப்பி விடுற வெள்ளக் கால்வாய்க்கு செலவழிச்ச துட்டுக்கு யாரு கணக்கு கேப்பா, நமக்கு ஏன் யாரும் முன்கூட்டி சொல்லல. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல, அதான் ஒரே இடத்துல போட்டு வைக்கேன். கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டுருக்கேன், திருத்தல.

அண்ணாச்சி, பாபநாசம் டேம் பி.டபிள்யூ.டி-க்குத்தான சொந்தம்?

இல்ல. பாபநாசமும் சேர்வலாறும் கரண்ட்டுக்காரங்க கையில இருக்கு. பாபநாசம் வெள்ளக்காரன் காலத்துல மின்சாரம் எடுக்கக் கட்டுனது, சேர்வலாறு அதுக்கு ரொம்ப பின்னாடி வந்தது, ரெண்டையும் மலைக்குள்ள சுரங்கம் வச்சு இணைச்சிருக்காங்க. மணிமுத்தாறு மட்டும் காமராஜர் காலத்துல பாசனத்துக்குன்னே கட்டுனது, அது நீர்வளத்துறை. 2021-ல பொதுப்பணித்துறையில இருந்து தண்ணி வேலையெல்லாம் பிரிச்சு தனித் துறை ஆக்கிட்டாங்க, நம்ம வாயில இன்னும் பி.டபிள்யூ.டி-ன்னுதான் வருது.

இத ஏன் முதல்ல சொல்லுதேன்னா, மனுவ தப்பான ஆபீஸ்ல கொடுத்தா அங்கேருந்து இங்க, இங்கேருந்து அங்கன்னு அது சுத்திட்டே கிடக்கும், நமக்கு மாசக்கணக்குல பதில் வராது. ஒரே ஆத்துல ரெண்டு துறை கை வைக்குது, வெள்ள நேரத்துல யாரு யாருக்கு போன் அடிச்சாங்கங்கறதும் அதனாலதான் முக்கியமான கேள்வி ஆவுது.

பேப்பர்ல டெய்லி 143 அடி, 118 அடின்னு போடுதாங்களே, 120 அடி இருந்தா இன்னும் 23 அடி பாக்கி இருக்குன்னு நிம்மதியா இருக்கலாமா?

143-ங்கறது பாபநாசம் முழு நீர்மட்டம், 118 மணிமுத்தாறு, 156 சேர்வலாறு. கொள்ளளவு பாத்தா பாபநாசம் சுமாரா 5,500 மில்லியன் கனஅடி, மணிமுத்தாறு 5,511. ரெண்டும் சேந்து 11 டிஎம்சி.

நிம்மதியா இருக்கலாமான்னா, அடிக்கணக்க மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. மலைக்கிடங்கு மேல போகப்போக விரியும், அடியில இருக்க பத்து அடியவிட மேல இருக்க பத்து அடியில தண்ணி ரொம்ப அதிகமா பிடிக்கும். நல்லதுதான், ஆனா அந்த இடமும் எவ்ளோ நேரம் தாங்குங்கறது வரத்தப் பொறுத்து, அதுக்கு அடுத்த கேள்வியப் பாருங்க.

கனஅடின்னா என்ன, டிஎம்சின்னா என்ன, சும்மா பெரிய நம்பரா சொல்லி பயமுறுத்துதாங்களா?

வரத்து, வெளியேத்துனதுன்னு ஓடுற தண்ணியச் சொல்லும்போது ஒரு கனஅடின்னா செகண்டுக்கு 28 லிட்டர் சொச்சம், கொள்ளளவச் சொல்லும்போது அது வெறும் கொள்ளளவுதான். டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி. 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் பூரா ஓடுனா ஒரு டிஎம்சி. இந்த ஒரு நம்பர மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும், டிவில சொல்லுத எதையும் நீங்களே கணக்குப் பாத்துரலாம்.

இப்ப பாபநாசம் ஒரு சொட்டு தண்ணி இல்லாம காலியா கிடக்குன்னே வச்சுக்கோங்க, 50,000 கனஅடி வரத்து வந்தா 30 மணி நேரத்துல ரொம்பிரும். ஐப்பசி கார்த்திகையில எந்த வருஷம் அது காலியா கிடந்திருக்கு? பாதிக்கு மேல இருந்தா ஒரு ராத்திரிதான். அதனால வெள்ளத்த முழுசா டேமுக்குள்ள பிடிச்சு வைக்கலாம்ங்கறது நடக்காத காரியம். கொஞ்சம் தாமதிக்க வைக்கலாம், உச்சியக் குறைக்கலாம், கீழ இருக்கவங்களுக்கு சாமான எடுத்துட்டு ஏற நேரம் வாங்கிக் கொடுக்கலாம், அவ்ளோதான்.

டேம் ரொம்புனா திறக்காம பின்ன என்ன செய்வாங்க, இதுல குறை சொல்ல என்ன இருக்கு?

திறந்தத யாரும் குறை சொல்லல. எப்ப திறந்தாங்க, படிப்படியாவா ஒரே அடியாவா, வரத்தவிட அதிகமா விட்டாங்களா, திறக்குறதுக்கு எவ்ளோ நேரம் முன்னாடி கீழ சொன்னாங்க, இந்த நாலுதான் விஷயம்.

இதுக்கு நம்ம மாநிலத்துலயே உதாரணம் இருக்கு. 2015 சென்னை வெள்ளத்த சிஏஜி, அதாவது அரசுக் கணக்கத் தணிக்கை பண்ணுற மத்திய தணிக்கைத் தலைவர் ஆபீஸ், தணிக்கை பண்ணி, அறிக்கை 2018 ஜூலையில சட்டசபையில வச்சாங்க. செம்பரம்பாக்கத்துல டிசம்பர் 1 மதியம் ரெண்டு மணியில இருந்து 21 மணி நேரம் 29,000 கனஅடி விட்டதப் பத்தி மணிவாரியா எழுதி, ஏரியில இன்னும் பிடிக்க இடம் இருந்தப்பவே அளவுக்கு மேல விட்டுட்டாங்க, இது மனுசனால வந்த பேரழிவுன்னு சொன்னாங்க. அரசுத் தரப்பு அத ஒத்துக்கல. ஆனா சண்டையே பதிவேட்டுல இருந்த மணியையும் நம்பரையும் வச்சுத்தான் நடந்துச்சு, யாரோ சொன்னாங்க எவரோ பாத்தாங்கன்னு நடக்கல.

2023-ல ஊரு முங்குனது டேமைத் திறந்ததாலதான, அத நேரா சொல்ல ஏன் பயப்படுதீக?

பயம் ஒண்ணும் இல்ல, கணக்கு இடிக்குது. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் பெஞ்சுது. காயல்பட்டினம் எங்க இருக்கு, டேம் எங்க இருக்கு? அங்க முழங்காலுக்கு மேல நின்ன தண்ணி எந்த ஷட்டர் வழியாவும் வரல, வானத்துல இருந்து நேரா வந்தது. தூத்துக்குடி பக்கம் கோரம்பள்ளம் குளம் உடைஞ்சுது, அதே மாதிரி சின்னக் குளங்க எத்தனையோ கரை போச்சு. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கிட்டதுக்கு தண்டவாளத்துக்கு அடியில மண்ண வெள்ளம் அரிச்சதுதான் காரணம்.

அதே நேரம் ஆத்தங்கரையில, திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் ஏறுன தண்ணியில டேம் தண்ணிக்கும், டேமுக்குக் கீழ சேந்த காட்டாத்து தண்ணிக்கும் பங்கு உண்டு. எவ்ளோ பங்குங்கறதுதான் கேக்கவேண்டிய கேள்வி. 1992 நவம்பர் வெள்ளத்தப் பாத்த பெருசுங்க அதையும் இதையும் ஒண்ணா வச்சுப் பேசுதாங்க, ரெண்டும் வேற வேற மழை. எல்லாத்தையும் டேம் மேலயே தூக்கிப் போட்டா குளத்துக் கரைய வருஷக்கணக்கா பாக்காம விட்டவங்க நைசா தப்பிச்சிருவாங்க, எனக்கு அதுதான் ஆத்திரம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஷட்டரத் தூக்குனா அதுக்கு சாட்சி யாரு?

நோட்டுதான் சாட்சி. டேம்ல பதிவேடு போடணும், வெள்ள நேரத்துல மணிக்கொரு வாட்டி எழுதணும். நேரம், நீர்மட்டம், வரத்து, வெளியேத்துனது, எந்த ஷட்டர எவ்ளோ உயரம் தூக்குனாங்க, யாரு சொல்லித் தூக்குனாங்க, கையெழுத்து. ஒரு வரி பாத்தாலே கதை தெரிஞ்சிரும். உதாரணத்துக்கு ஒரு மணி நேரத்துல நீர்மட்டம் ஏறவே இல்ல ஆனா வெளியேத்துனது மட்டும் டபுள் ஆயிருக்குன்னா, ஏன்னு கேக்கணும். மட்டம் ஏறிட்டே இருந்தும் ஆறேழு மணி நேரம் ஷட்டரத் தொடாம இருந்து கடைசில ஒரே தூக்கா தூக்கியிருந்தா, அதையும் கேக்கணும்.

டேம் நோட்டு மட்டும் போதாது, கீழ ஆத்துல ஓடுன அளவும் வேணும். முறப்பநாட்டுல மத்திய நீர்வள ஆணையத்தோட அளவுமானி இருக்கு, அது மாநில அரசு கையில இல்லாத தனிக் கணக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா யாரும் நம்பர மாத்திச் சொல்ல முடியாது.

அணை பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துருக்காமே, அதுல நமக்கு என்ன லாபம்?

2021 டிசம்பர்ல வந்த மத்திய சட்டம். 15 மீட்டருக்கு மேல உயரமான அணைக்கெல்லாம் பொருந்தும், அப்ப பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூணுமே உள்ள வருது. மழைக்கு முன்னாடி ஒரு வாட்டி, மழைக்குப் பின்னாடி ஒரு வாட்டி ஆய்வு பண்ணணும், மாநிலத்துல இதுக்குன்னு தனி அமைப்பு இருக்கணும், மேல தேசிய அணை பாதுகாப்பு ஆணையம் இருக்கு. நமக்கு முக்கியமானது அவசரகாலச் செயல் திட்டம். தண்ணி திறந்தா எந்தத் தெரு வரைக்கும் வரும்ங்கற வரைபடம், யாரு யாருக்கு சொல்லணும்ங்கற பட்டியல் எல்லாம் அதுல வரணும். பழைய அணைகளுக்கு அஞ்சு வருஷம் டைம் கொடுத்தாங்க, அது 2026 டிசம்பர் கடைசியோட முடியுது.

குறையும் சொல்லணும்லா. உத்தரவ மதிக்காதவங்களுக்கு ஒரு வருஷம் வரை, உயிர் போனா ரெண்டு வருஷம் வரை ஜெயில்னு இருக்கு, ஆனா நீங்க நானு போயி நேரா கேஸ் போட முடியாது, அரசோ ஆணையமோ புகார் கொடுத்தாத்தான் கோர்ட்டு எடுக்கும். வெள்ளத்துல வீடு போனவனுக்கு நஷ்டஈடு எப்படிங்கறதப் பத்தி சட்டத்துல ஒரு வரி கிடையாது.

எங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வரல, போன்ல மெசேஜும் இல்ல. யார்ட்ட கேக்க?

வெள்ள நேரத்துலன்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. முடிஞ்சப்புறம்னா கலெக்டர் ஆபீஸ்ல பேரிடர் பிரிவுக்கு எழுதி, உங்க ஊருக்கு எத்தன மணிக்கு யாரு மூலமா தகவல் போச்சுன்னு கேளுங்க. வி.ஏ.ஓ.க்குச் சொன்னோம்னு பதில் வரும். அப்புறம் வி.ஏ.ஓ.ட்ட கேளுங்க. அறுந்த இடம் அங்கனயே தெரிஞ்சிரும்.

வெள்ளக் கால்வாய் 369 கோடின்னு ஆரம்பிச்சு ஆயிரம் கோடிய தாண்டிட்டே, மிச்சத்த எவன் தின்னான்?

தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்பு. 2009-ல 369 கோடிக்கு அனுமதி, அப்புறம் 872.45 கோடி, கடைசில 1,060.76 கோடி. 2025 பிப்ரவரில முதல்வர் வந்து திறந்து வச்சாரு. கன்னடியன் கால்வாய்ல வெள்ளாங்குளியில ஆரம்பிச்சு சாத்தான்குளம் பக்கம் எம்.எல்.தேரி வரைக்கும் 75 கிலோமீட்டர். 16 வருஷம், கிட்டத்தட்ட மூணு மடங்கு காசு.

தின்னானா இல்லையான்னு சொல்ல என்ட்ட ஆதாரம் இல்ல, ஆனா தின்னாமலே இவ்ளோ ஏறும்ங்கறது தெரியும். நாலு கட்டமா பிரிச்சு, முதல் ரெண்டு கட்டத்துக்கு அப்புறம் வருஷக்கணக்குல கிடப்புல போட்டாங்க. அந்த இடைவெளியில 2014-ல புது நிலம் எடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சந்தை மதிப்புக்கு மேல அதே அளவு ஆறுதல் தொகையும் கொடுக்கணும்னு ஆச்சு, அது விவசாயிக்கு நியாயமான காசு, அதப் போயி வீண் செலவுன்னு சொல்ல முடியாது. சிமெண்ட், கம்பி, டீசல், கூலி ஏறுனது வேற. பொன்னாக்குடியில நாலுவழிச் சாலைக்கு அடியில கால்வாயக் கொண்டுபோற பாலம் இழுத்துக்கிட்டே கிடந்தது எல்லாருக்கும் தெரியும்.

ஆக 369-க்கும் 1,060-க்கும் நடுவுல நாலு பங்கு இருக்கு: விலைவாசி, நிலம், முதல்ல எஸ்டிமேட் போடும்போதே விட்டுப்போன வேலை, தாமதத்துனால வந்த தண்டச்செலவு. கடைசி ரெண்டுக்கும்தான் ஆபீசர் பதில் சொல்லணும். திருத்திய எஸ்டிமேட்டுல இந்தப் பிரிவு இருக்கும், அந்தத் தாள வாங்காம எவ்ளோ கத்துனாலும் பிரயோஜனம் இல்ல.

அப்ப ஊழலே நடக்கலங்கீங்களா?

அப்படிச் சொன்னேனா? ஊழல் இருந்தா அது பெரிய மொத்தத் தொகையில தெரியாது, எம்-புக்ல தெரியும். எம்-புக்னா அளவுப் புத்தகம். வேலை நடந்த இடத்துல ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) அளந்து நீளம், அகலம், ஆழம் எழுதி, மேல உள்ளவங்க சரிபாத்து, அத வச்சுத்தான் காண்ட்ராக்டருக்கு பில் பாஸ் ஆவும். 75 கிலோமீட்டர் கால்வாய்ல பெரும் செலவு மண் வெட்டுறதும் பாறை உடைக்கிறதும். மண்ணுக்கு ஒரு ரேட்டு, கடும்பாறைக்கு பல மடங்கு ரேட்டு. மண்ண வெட்டிட்டு பாறைன்னு எழுதிட்டா முடிஞ்சுது சோலி. நம்ம தேரி மணல்ல பாறை எங்கேருந்து வந்துச்சுன்னு உள்ளூர்க்காரன் ஒருத்தன் கேட்டா போதும், ஆபீஸ்ல உக்காந்து தணிக்கை பண்ணுறவருக்கு அது தெரியாது.

கால்வாய் வந்தாச்சு, இனிமே திருநெல்வேலிக்கு வெள்ளம் வராதுல்லா?

வரும். பேர்ல வெள்ளக் கால்வாய்னு இருக்கதால வந்த நம்பிக்கை இது. சராசரியா வருஷத்துக்கு 13,758 மில்லியன் கனஅடி வீணா கடலுக்குப் போவுதுன்னு கணக்குப் போட்டு, அதுல 2,765-ஐ திருப்பி விட்டு வறண்ட பக்கம் குளத்தையும் கிணத்தையும் ரொப்பத்தான் இந்தத் திட்டம். கால்வாய் பிடிக்கது சில ஆயிரம் கனஅடி, பெருவெள்ளத்துல ஆத்துல போறது லட்சத்துல. ராதாபுரம், நாங்குநேரி, திசையன்விளை ஆளுகளுக்கு இது உசுரு, ஜங்ஷன்காரங்களுக்கு இதனால பெருசா மட்டம் குறையாது. ஆத்துக்குள்ள இருக்க குறுக்குத்துறை முருகன் கோவில் எப்பவும் போல முங்கத்தான் செய்யும்.

சிஏஜி சிஏஜின்னு சொல்லுதீங்களே, அவங்க வந்து ஆளப் பிடிச்சு உள்ள போட முடியுமா?

முடியாது, எழுதத்தான் முடியும். அறிக்கை சட்டசபைக்குப் போவும், அங்கேருந்து பொதுக் கணக்குக் குழுவுக்கு. அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சி ஆளுதான் தலைவரா இருக்கது வழக்கம். துறைச் செயலாளரக் கூப்பிட்டு கேள்வி கேப்பாங்க, துறை எழுத்துல பதில் கொடுக்கணும். லஞ்சம்னு சந்தேகம் வந்தா அது லஞ்ச ஒழிப்புத் துறை வேலை, அதுலயும் 2018-க்கு அப்புறம், ஆபீசர் எடுத்த முடிவப் பத்தி விசாரிக்கணும்னா அரசுட்ட முன் அனுமதி வாங்கணும். கையும் களவுமா பிடிச்சா மட்டும் அனுமதி வேண்டாம்.

சிஏஜி எல்லா வேலையையும் பாக்க மாட்டாங்க, மாதிரிக்கு எடுத்துத்தான் பாப்பாங்க. அதனால விவரத்தோட எழுதிப் போட்டா அவங்க எடுத்துப் பாக்க வாய்ப்பு உண்டு. "கோடிக்கணக்குல கொள்ளை"ன்னு எழுதுனா குப்பைக்குப் போவும், "இன்ன இடத்துல இன்ன மீட்டருக்கு பாறைன்னு பில் போட்டிருக்கு, அங்க மணல்"னு எழுதுனா நிக்கும்.

கலெக்டர்ட்ட மனு கொடுத்தா போதாதா, இவ்ளோ சுத்தணுமா?

விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல எழுந்து கேளுங்க, கண்டிப்பா கேளுங்க, அங்க பதில் குறிப்புல ஏறும். கிராமசபையில தீர்மானமும் போடுங்க. ஆனா ரெண்டுமே பேப்பரக் கொண்டு வந்து கையில தராது. அதுக்கு அடுத்ததுதான்.

ஆர்டிஐ போட்டா டேம் பாதுகாப்புன்னு சொல்லி தட்டிக் கழிச்சிருவாங்களாமே?

ஆர்டிஐன்னா தகவல் உரிமைச் சட்டத்துல போடுற மனு. சில நேரம் அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க டேமோட வரைபடம், கண்காணிப்பு கேமரா எங்க இருக்குன்னு கேட்டா மறுக்கலாம். முடிஞ்சு போன வெள்ளத்தோட நீர்மட்டக் கணக்குல என்ன ரகசியம், அதுல பாதி அன்னன்னைக்கே பேப்பர்ல வந்ததுதான். கேக்குற விதம் முக்கியம். "ஏன் திறந்தீர்கள்"னு கேக்காதீங்க, விளக்கம் சொல்ல அவங்களுக்கு கடமை இல்ல, கையில இருக்க ஆவணத்தத் தரத்தான் கடமை. இப்படி எழுதுங்க: "2023 டிசம்பர் 16 முதல் 19 வரை இவ்வணையின் மணிவாரி நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மற்றும் மதகு இயக்கப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் வேண்டும். மதகுகளைத் திறக்க உத்தரவிட்ட அலுவலரின் பதவிப்பெயரும் உத்தரவின் நகலும் வேண்டும்."

பத்து ரூவா கட்டணம், 30 நாள்ல பதில். வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கும் அசையலன்னா 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம். இன்னொண்ணு நெறைய பேருக்குத் தெரியாது: அதே சட்டத்துல வேலை நடக்குற இடத்த நேர்ல பாக்கவும், போட்ட கான்கிரீட்டுல சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கு. யாரு போனா அந்த 75 கிலோமீட்டர்ல மாதிரி எடுக்க?

அரசு கொடுத்த 6,000 ரூவாய வாங்கிட்டா அப்புறம் கேஸ் போட முடியாதுன்னு எங்க வார்டுல சொல்லுதாங்க, நெசமா?

நெசம் இல்ல. அது நிவாரணம். யாரு தப்புங்கற கேள்விக்கே போகாம கொடுக்குறது, பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 கொடுத்ததும் அதே வகை. வாங்குனதால உங்க உரிமை போவாது, கொடுத்ததால அரசு தப்ப ஒத்துக்கிட்டதாவும் ஆவாது. ஆனா நஷ்டஈடு கேஸ்னா இன்ன அதிகாரியோட இன்ன கவனக்குறைவாலதான் என் வீடு போச்சுன்னு நிரூபிக்கணும், பாதிக்கு மேல மழைத் தண்ணின்னா அது கஷ்டம். மேல சொன்ன மணிவாரிப் பதிவேடு கையில இல்லாம வக்கீல்ட்ட போவாதீங்க, ரெண்டு பேருக்கும் நேரம் வீண்.

எல்லாம் சரி, வெள்ளம் வரும்னு முன்னாடியே டேம்ல தண்ணியக் குறைச்சு வச்சு, அப்புறம் மழை ஏமாத்திட்டா எங்க பிசானத்துக்கு யாரு பொறுப்பு?

பிசானம்னா இந்தப் பருவத்து நெல்லு. இதக் கேட்டது அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி, இங்க இருக்கதுலயே கஷ்டமான கேள்வி இதுதான். டவுன்காரன் டேம் காலியா இருக்கணும்னு கேக்கான், பிசானம் வச்சவன் ரொம்பி இருக்கணும்னு கேக்கான், கரண்ட்டுக்காரங்களுக்கும் மட்டம் உயரமா இருந்தாத்தான் லாபம். தூத்துக்குடிக்கு குடிதண்ணியும் ஆலைத் தண்ணியும் இதே ஆத்துல இருந்துதான். டிசம்பர்ல ரெண்டு டிஎம்சிய முன்கூட்டி விட்டுட்டு மழை வரலன்னா மாசில கதிர் பால் பிடிக்கிற நேரத்துல மடையில தண்ணி நிக்காது, அப்ப இதே வாட்ஸ்அப் குரூப்புல "கடலுக்கு விட்ட கயவர்கள்"னு போஸ்ட் போடுவோம்.

இதுக்குத்தான் மாசவாரியா எந்தத் தேதிக்கு எந்த மட்டத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு அளவு வளைவு வைக்கது. கேரளாவுல 2018 வெள்ளத்துக்கு அப்புறம் அங்க உள்ள டேம்களப் பத்தி இந்தப் பேச்சு பெருசா வந்துச்சு. அப்படி ஒண்ணு ஊரறிய ஒட்டி வச்சிருந்தா, அதுபடி திறந்த ஆபீசர் மழை ஏமாத்துனாலும் குற்றவாளி இல்ல, அத மீறுனவரு ஊரு தப்பிச்சாலும் பதில் சொல்லணும். இப்ப இருக்க நிலைமையில திறந்தாலும் திட்டு, திறக்கலன்னாலும் திட்டு, அதனால கடைசி நிமிஷம் வரைக்கும் கைய வைக்காம இருக்கதுதான் அவங்களுக்கு சேஃப்டி. பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அந்த அளவு என்ன, அத யாரு கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்கன்னு அடுத்த குறைதீர் கூட்டத்துல டவுன்காரங்களும் பிசானக்காரங்களும் சேந்தே கேக்கலாம், இதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல.